தாரணிக்கு மட்டும் ஒரு ஸ்பூன்

எதிர்க்கடையா? அது அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாங்க. இப்ப மணி நாலே கால்தான் ஆகுது. அதுவரைக்கும் இந்த வெயில்ல ரோட்டுல நின்னுட்டு என்ன பண்ணுவீங்க? உள்ள வாங்க கண்ணு. ஃபேனுக்கு நேரா அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. ஒண்ணும் வாங்காம உக்காந்தா மூஞ்சியச் சுழிக்கற ஆளு நான் இல்ல.

என்னது, லிஸ்டு எடுக்கறீங்களா? பாலு, நெய்யி, முட்டை, தேனு எதையும் தொடாதவங்க எந்தெந்த பாஸ்ட் புட் கடைல தைரியமாச் சாப்புடலாம்னு போன்ல போடறீங்களா? வீகன். தெரியுமுங்க, தெரியாம என்ன. இந்தச் சரவணம்பட்டி ரோட்டுல அந்த வார்த்தைய மொதமொதல்ல காதுல வாங்குனவளே நாந்தான். எதிர்க்கடைக்காரிக்கு முன்னால. அதை எழுதிக்குங்க மொதல்ல.

இந்தாங்க, பிடிங்க இந்தத் தட்டை. காளான். கோயமுத்தூர் வந்துட்டு ரோட்டுக்கடைக் காளான் திங்காமப் போனா எப்பிடி? காளான்னு பேருதானே ஒழிய முக்காவாசி முட்டைக்கோசு, அதுல ஒளிச்சு வெக்க ஒண்ணுமில்ல. கோசு, கொஞ்சம் காளான், மைதா, சோளமாவு எல்லாம் பெசஞ்சு எண்ணெயில பொரிச்சு, அப்பறம் கல்லுல வெங்காய மசாலாவோட போட்டு ரெண்டு கரண்டியால கொத்தோ கொத்துன்னு கொத்தி, மேல பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும். அவ்வளவுதான். பாலு நெய்யி எதும் இருக்கான்னா கேக்கறீங்க? எல்லாம் சுத்த சைவந்தானுங்க. சூடா இருக்குது, சித்த ஆறட்டும். என்ற கையால போட்டுத் தந்திருக்கேன், நீங்களும் எளச்சாப்லதான் இருக்கறீங்க.

அது ஆறறதுக்குள்ள ஒரு விசயம் சொல்றேன். எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம்.

எதிர்க்கடை வெச்சிருக்கறவ பேரு பூங்கொடி. என்ற கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு ஓரம்படியா ஆகோணும். ஆறு வருசம் இதே கல்லுக்கு முன்னால எனக்குப் பக்கத்துல நின்னு வெங்காயம் அரிஞ்சவ. அவளுக்குக் கரண்டி பிடிக்கக் கத்துக் குடுத்தது நானு. மசாலா எந்தப் பதத்துல எறக்கோணும்னு காட்டிக் குடுத்தது நானு. இன்னைக்குப் பச்சைப் பெயிண்டுல போர்டு எழுதி மாட்டியிருக்கறா பாருங்க. பால், நெய், முட்டை, தேன் சேர்க்காத காளான், நூடுல்ஸ் இங்கு கிடைக்கும். அதுக்குன்னு கைப்பிடில பச்சைத் துணி சுத்துன வாணலு தனி, கரண்டி தனி, கழுவற தொட்டி தனி. பொழுதோட அஞ்சரை ஆச்சுன்னா கம்பெனிப் பிள்ளைக அத்தனையும் அங்கதான் நிக்கும். நான் இங்க உக்காந்து அதைப் பாத்துட்டு இருக்கோணும். பொறாமையான்னு கேக்கறீங்களா? பொறாமை இல்லீங்க. வயித்தெரிச்சல். அது வேற, இது வேற.

கூட்டம் போனது கூடப் போகட்டும். எனக்கு அந்தப் பிள்ளை போனதுதான்.

தாரணின்னு பேரு. நம்பியூர்ப் பக்கம். இங்க ஐடி பார்க்குல வேலை பாத்துட்டு இருந்தா. ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? தெரியுமா அவள? அவதான் உங்களை அனுப்புனாளா, பெங்களூர்ல இருந்து? அட சாமி.

என்ன சொன்னா? பூங்கொடி கடைன்னு சொன்னா, சரி. எதிர்ல இன்னொரு கடை இருக்குதுன்னு சொன்னாளா? சொல்லல. என்னையப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒண்ணுமே சொல்லலையா? நெசமாவா? சரி, விடுங்க.

அவ சொல்லலைன்னா நான் சொல்றேன். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் பொழுதோட வந்து நின்னா. தோள்ல பையி, மூஞ்சியெல்லாம் வாடிப் போயி. அக்கா, இதுல என்னென்ன போடறீங்கன்னு கேட்டா. பதினேழு வருசமா கடை நடத்தறேன், ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லீங்க. காரம் தூக்கலாப் போடுங்க, காரம் கம்மியாப் போடுங்க, அவ்வளவுதான் கேப்பாங்க. இப்ப உங்களுக்குச் சொன்னாப்லயே அவளுக்கும் சொன்னேன். பாலு இருக்கான்னா, இல்லைன்னேன். தயிரு? இல்ல. வெண்ணெய், நெய்யி? இல்ல. என்ன எண்ணெய்ன்னு கேட்டா, கடலை எண்ணெய், அதும் செக்கெண்ணெய்ன்னேன். அப்பிடியே மூஞ்சி மலந்து போச்சு. ரெண்டு தட்டு சாப்புட்டா அன்னைக்கு.

எண்ணெய்ன்ன உடனே ஞாபகம் வருது. என்ற மூக்கைப் பத்தி இந்த ரோட்டுல யாரை வேணும்னாக் கேளுங்க. ரோட்டு முக்குல நின்னே சொல்லிப்போடுவேன், எந்தக் கடைல பாமாயிலு, எந்தக் கடைல நேத்து வெச்ச எண்ணெய்ன்னு. தாரணி அதுக்கு அப்பிடிச் சிரிப்பா. அவளும் நானும் சும்மா ரோட்டுல நடந்து போறப்ப, இந்த வூட்டுல என்ன எண்ணெய், அந்த வூட்டுல என்ன எண்ணெய்ன்னு என்னையச் சொல்லச் சொல்லி விளையாடுவா. ஒருக்கா கூட நான் தப்பாச் சொன்னதில்ல.

நடந்து போறதெல்லாம் எப்பிடின்னு பாக்கறீங்களா? அந்த அளவுக்குப் பழக்கமாகிப் போச்சுங்க. வாரத்துல அஞ்சு நாளும் வருவா. மொத வாரம் அக்கா. அப்பறம் சுகுணாக்கா. ஒரு மாசம் போயி அவளா சுகுணாம்மான்னு கூப்புட ஆரம்பிச்சுட்டா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. பூங்கொடிய அக்கான்னுதான் கூப்புடுவா, கவனிச்சுக்குங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்போம், அவ அக்கா, நானு அம்மா. எனக்குக் கொழந்தை இல்லீங்க. அதை விடுங்க, அது இந்தக் கதைல வராது.

ஏன் கண்ணு பாலு கூடக் குடிக்க மாட்டேங்கறேன்னு ஒரு நாள் கேட்டேன். கடைல யாரும் இல்ல, மழை. அவங்க தோட்டத்துல ஒரு மாடு இருந்துச்சாம். கன்னு போட்ட பத்தாம் நாளு கன்னு செத்துப் போச்சு. கன்னு இல்லைன்னா மாடு பாலு விடாதில்ல? அவங்கப்பா அந்தத் தோலை உரிச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, நாலு குச்சில நிக்க வெச்சுட்டாரு. இவளுக்கு அப்ப ஒம்பது வயசு. தெனமும் அந்த வைக்கோல் கன்னைத் தூக்கிட்டு வந்து மாட்டு முன்னால நிறுத்தறது இவ வேலை. மாடு அதை நக்கி நக்கிக் குடுக்குமாம், இவங்க கறந்துக்குவாங்க. மடி வத்தற வரைக்கும். அதுக்கப்பறம் இவ பால் டம்ளரைக் கையில தொடல. பெருசானப்பறம் நெய்யி, தயிரு எல்லாத்தையும் விட்டுட்டா.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நாங்களும் பண்ணியிருக்கறோம், எங்கூர்ல எல்லாருந்தான் பண்ணியிருக்கறோம். பாலு வேணுமில்ல? ஆனா அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு, அதனால சிரிப்பை அடக்கிக்கிட்டேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல சுகுணாம்மான்னா. பூங்கொடிகிட்டக் கூடச் சொல்லல. எங்கிட்ட மட்டும்.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை என்னைய அந்தப் பெரிய மாலுக்குக் கூட்டிட்டுப் போனா. மேல் மாடில பர்கர் கடை. கண்ணாடியும் வெளக்கும், ஏசி எலும்பு வரைக்கும் குளுருது. அவ கவுண்டர்ல நின்னு கேக்கறா. பன்னுல பால்பவுடர் இருக்கா? இருக்குது. சாஸுல முட்டை இருக்கா? இருக்குது. வெஜ் பர்கர்ல நடுவுல சீஸு இல்லாமக் கெடைக்குமா? கெடைக்கும், ஆனா அந்தக் கட்லெட்டுலயே பால் சாமான் இருக்குது. சிக்கன் பொரிக்கற எண்ணெயிலதான் கெழங்கு பொரிக்கறீங்களா? தெரியலைங்க மேடம். பின்னால நிக்கறவன் பெருமூச்சு விடறான். கவுண்டர்ல நின்ன பொண்ணு பாவம், உள்ள போயிப் போயிக் கேட்டுட்டு வருது. கடைசில அவ்வளவு பெரிய கடைல இவளுக்குக் கெடச்சது வறுத்த உருளைக்கெழங்கும் பாலில்லாத டீயும். எங்க போனாலும் இதேதான் சுகுணாம்மா, ஃப்ரெண்ட்ஸோட போனா நான் கெழங்கைக் கொறிச்சுட்டு உக்காந்திருப்பேன்னா. சொல்லிப்போட்டு, ஒரே ஒரு கடைலதான் நான் கேள்வி கேக்காம சாப்புடறேன், அது உங்க கடைதான்னா.

அதைக் கேட்டதும் என்ற முன்னால இருந்த கெழங்கையும் அவ பக்கம் தள்ளி வெச்சேனுங்க. பெருமைல பாதி. மீதி எதனாலன்னா, அதுக்கு ஒரு மாசம் முன்னாலயே நான் நெய் போட ஆரம்பிச்சிருந்தேன்.

அப்பிடிப் பாக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

எலும்பும் தோலுமா இருந்தாளுங்க அவ. கம்பெனில ராத்திரியும் பகலும் வேலை, ஹாஸ்டல்ல ஒரு நேரம் திம்பா, ஒரு நேரம் திங்க மாட்டா. கழுத்தெலும்பு தெரியுது. எப்பிடி மனசு கேக்கும்? அன்னூர்ல என்ற தங்கச்சி எருமை வெச்சிருக்கறா. மாசமானா ஒரு தூக்குப்போசில நெய் குடுத்து விடுவா. எருமை நெய் பாத்திருக்கறீங்களா? வெள்ளை வெளேர்னு மணல் மணலா இருக்கும். அதுல ஒரு ஸ்பூன், அவ தட்டுல மட்டும், கொத்தி முடிச்சு எறக்கறப்போ. வேற ஒருத்தருக்கும் கெடையாது. என்ற வூட்டுக்காரருக்கே அதுல சொட்டு வெச்சதில்ல நானு. கொழந்தைக்கு மொதச் சோறு ஊட்டறதே நெய் விட்டுத்தானே? அது வெசமா?

சொன்னாச் சாப்புட மாட்டா, அதனால சொல்லல. அது பொய்யா? மொத நாள் கேட்டா, மொத நாள் நெய் இல்ல, இல்லைன்னு சொன்னேன். அப்பறம் அவ கேக்கவே இல்லியே. எட்டு மாசம் போட்டேன். கன்னம் உப்புச்சு, தலைமுடி கூட நல்லா வந்துச்சு. இங்க சாப்புட்டாத்தான் சுகுணாம்மா ஒடம்புக்கு ஒட்டுதுன்னு அவ வாயாலயே சொன்னா. பூங்கொடி பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தா.

அப்பறம் எங்க பெரியம்மா தவறிட்டாங்கன்னு நான் அன்னூர் போனேன். ரெண்டு நாளு கடைய பூங்கொடிதான் பாத்துட்டா. தாரணி வந்து சாப்புட்டுட்டு, என்னமோ கொறையுதே அக்கான்னு சொல்லியிருக்கா. இவ என்ன சொன்னாத் தெரியுமா? அய்யோ கண்ணு, மறந்தே போயிட்டேன், அக்கா உனக்குன்னு எட்டு மாசமா ஒரு ஸ்பூன் நெய் விடறாங்களே, இரு, போட்டுத் தாரேன்னு தூக்குப்போசியத் தொறந்து ஸ்பூனோட போயிருக்கா. அவ தட்டை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாளாம்.

மூணாம் நாளு வந்தா. இதா, இந்த எடத்துலதான் நின்னா. எட்டு மாசமாவான்னு கேட்டா. உன்ற நல்லதுக்குத்தான் கண்ணுன்னு சொன்னேன். அவ அழுகல, கத்தல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா.

"கன்னுக்குட்டி விசயத்தை உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். போயிட்டா.

நான் யாரு மேல கோவப்படுவேன்? பூங்கொடி மேலதான். காட்டிக் குடுத்தவ அவதானே? அவளக் கேட்டா, மறைக்கோணும்னே எனக்குத் தெரியாதுங்கக்கா, ஆசையா வெக்கறீங்கன்னுதான் நெனச்சேன்னா. தெரியாதாம். ஆறு வருசம் பக்கத்துல நின்னவளுக்குத் தெரியாதாம். நான் பேசுனது கொஞ்சம் அதிகந்தான், ஒத்துக்கறேன். இந்தக் கல்லுகிட்ட இனி வராதேன்னுட்டேன். அவ புருசனையும் கூட்டிட்டு வெளிய போயிட்டா. ஆறே மாசம். எதிர்ல ஷட்டர் தொறந்து சாமி கும்புட்டாங்க. என்ற வூட்டுக்காரரு சென்னியப்பன் இருக்காரே, அவரு போயி தேங்கா ஒடச்சுட்டு வந்தாரு. தம்பியாச்சேங்கறாரு.

மொத வாரமே தாரணி அங்க வந்துட்டா. இந்த ஸ்டூல்ல இருந்து பாத்தாத் தெரியும், நீங்க பாருங்க, அந்த ஓரத்து மேசை. அங்கதான் உக்காருவா. பூங்கொடி ஒவ்வொண்ணையும் டப்பாவோட கொண்டாந்து காட்டுவா. நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சு இதுல முட்டை இல்லைன்னு காட்டுவா. அதுக்கு இவ சிரிப்பா. அந்தச் சிரிப்பு எனக்குச் சிரிச்ச சிரிப்புங்க. நான் இங்க கல்லைச் சொரண்டிட்டு இருப்பேன். ஒருக்கா ரோட்டுல எதுருக்கு எதுரா வந்துட்டா. நல்லா இருக்கறீங்களா ஆன்ட்டின்னா. ஆன்ட்டி. ஏனுங்க, அதுக்கு அவ என்னையத் திட்டியிருக்கலாம்.

போன தை மாசம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை குடுக்க வந்தா. மொதல்ல அங்க, அப்பறம் ரோட்டைத் தாண்டி இங்க. அங்க உக்காந்து காபி கூடக் குடிச்சா, தேங்காப்பாலுல போட்ட காபியாம், அதை வேற பூங்கொடி கண்டுபிடிச்சு வெச்சிருக்கறா. இங்க நின்னமேனிக்குத் தட்டை நீட்டி, அவசியம் வரணும் ஆன்ட்டின்னா. வாங்கிப் பாத்தா, சாயந்தரம் ரிசப்ஷன்ல காளான் ஸ்டால் உண்டுன்னு போட்டிருக்குது. யாரு போடறாங்கன்னு கேக்கல. கேக்காமலே தெரிஞ்சுது.

போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். பொடவையெல்லாம் எடுத்து வெச்சுட்டு, போகக் கூடாதுன்னு இருந்தேன். அப்பறம் போனேன்.

கோபிப் பக்கம் பெரிய மண்டபம், முன்னால தெறந்த மைதானம். தைக் குளுரு, பொழுது சாஞ்ச ஒடனே ஒடம்பு நடுங்குது. பிள்ளை பட்டு கட்டலீங்க. பட்டுப்புழுவைக் கொன்னுதான் எடுக்கறாங்கன்னு, நூல் பொடவைதான். அதுலயே மகாலட்சுமியாட்டம் இருந்தா. பந்தில மோரு இல்ல, பாலு போட்ட பாயசம் இல்ல. சொந்தக்காரங்க மொணமொணன்னு பேசிக்கறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம், பொய் சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்சம் பேசட்டும்னு இருந்துச்சு.

காளான் ஸ்டாலுக்கு முன்னாலதான் கூட்டம். நான் முன்னால போகல, பின்னால சுத்திப் போனேன். அங்க பாத்தா என்ற வூட்டுக்காரரு நின்னு வெங்காயம் அரிஞ்சுட்டு இருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கடைல எனக்கு வெங்காயம் அரிஞ்சு குடுத்து எத்தனை வருசமாச்சுன்னு கேளுங்க அவர. என்னையப் பாத்ததும் கத்தியக் கீழ வெச்சாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன், பேசுனா அழுதுபோடுவேன்.

பூங்கொடி மசாலாவை எறக்கி ஒரு பெரிய குண்டால ஊத்தி மேசை ஓரத்துல வெச்சிருந்தா. இருவது முப்பது பேருக்கு வரும். எல்லாம் என்ற பக்குவம். நெறம், பதம், கொத்தமல்லி தூவறது வரைக்கும். பாத்துட்டே நிக்கறேன், குனிஞ்சு ஒரு டப்பாவைத் தொறக்கறா. ஸ்பூனால எடுக்கறா. வெள்ளை வெளேர்னு, மணல் மணலா. குண்டாக்குள்ள விடறா.

நெய்யி. என்ற மனசுல நெய்யின்னுதான் வந்துச்சு. பாத்தியா, என்னையச் சொன்னாங்களே, இப்ப இவ என்ன பண்றான்னு வந்துச்சு. அந்தப் பிள்ளை கல்யாணத்தன்னைக்கே அவ வாயில நெய்ய வெக்கறாளேன்னு வந்துச்சு. வாயத் தொறந்து கேட்டிருக்கலாம். கேக்கல. ரெண்டு கையாலயும் குண்டாவத் தள்ளிப்போட்டேன்.

மேசைல இருந்து கீழ விழுந்து, அத்தனையும் மண்ணோட மண்ணாப் போச்சு. பாதி என்ற கால்ல. இதா பாருங்க, இன்னும் கருப்பா இருக்குது. எரிச்சல் அப்பறந்தான் தெரிஞ்சுது.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பூங்கொடி கத்துனாக் கூடப் பரவாயில்ல. மெதுவாச் சொன்னா, தேங்காண்ணெய்ங்கக்கா, குளுருக்கு ஒறஞ்சு போச்சுன்னு. டப்பாவ நீட்டிக் காட்டுனா. பின்னால யாரோ ஒரு பொம்பளை, இவங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமாக் கடை வெச்சிருக்கறாங்களாம், பொறாமைன்னா. என்ற வூட்டுக்காரரு தலையக் குனிஞ்சு நின்னாரு. பாவம், எனக்காகக் குனிஞ்சாரா, என்னால குனிஞ்சாரா, தெரியல.

அப்பத்தான் அவ வந்தா. மேடைல இருந்து எறங்கி, மாலையோட. மாப்பிள்ளைகிட்டத் தண்ணி பாட்டில் வாங்கி, கீழ உக்காந்து என்ற கால்ல ஊத்தறா. பொடவையெல்லாம் மசாலா. நான் சொன்னேன், நெய்யின்னு நெனச்சுட்டேன் கண்ணு, உனக்காகத்தான் தள்ளுனேன்னு. அவ பூங்கொடி கையில இருந்து டப்பாவ வாங்கி ஒருக்கா மோந்து பாத்தா. பாத்துட்டு என்ற காதுக்கு மட்டும் கேக்கறாப்ல சொன்னா.

"சுகுணாம்மா, நீங்க ரோட்டு முக்குல இருந்தே எண்ணெய் பேரு சொல்லுவீங்களே."

எனக்கு அன்னைக்கு ஜலதோசமுங்க. மூக்கு அடைச்சிருந்துச்சு. பனி வேற. சத்தியமா.

அவ எந்திரிச்சு நின்னு எல்லாருகிட்டயும் சொன்னா, ஒண்ணுமில்ல, கை வழுக்கிருச்சு, சூட்டுல யாருக்கும் வழுக்கும், எல்லாரும் பந்திக்குப் போங்கன்னு. பூங்கொடிகிட்ட, அக்கா, இன்னொரு குண்டா போட முடியுமான்னா. அவ சரின்னு திரும்பி வெங்காயத்தை எடுத்துட்டா. 

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? சுகுணாம்மான்னு கூப்புட்டா. ஆன்ட்டி இல்ல. ஒரு வருசமா அவளுக்கு டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டறாளே பூங்கொடி, அவளுக்காக அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருக்கறாளா? எனக்காகச் சொன்னா. ஒரு பொய் வாயில வராதுங்க அவளுக்கு. கம்பெனில லீவு கேக்கக் கூட ஜொரம்னு பொய் சொல்ல மாட்டா. எனக்காகச் சொன்னா. யாரு மேல பாசம் அதிகம்னு இதுல இருந்தே தெரியுதில்ல?

ஏன் போனைக் கீழ வெச்சுட்டீங்க?

சரி. ஜலதோசம் இல்ல.

ஜலதோசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மண்டபத்து வாசல்ல நொழையறப்பவே தேங்காண்ணெய் வாசம் வந்துச்சு எனக்கு. இவ தேங்காண்ணெய்ல தாளிக்கறாளா, நம்ம பக்குவத்தைக் கெடுக்கறாளேன்னு நெனச்சுட்டேதான் பின்னால சுத்திப் போனேன். வெள்ளையாப் பாத்ததும் நெய்யின்னு நெனச்சுக்கிட்டேன். நெய்யா இருக்கோணும்னு இருந்துச்சு. அவளும் என்னையாட்டம் ஒரு ஸ்பூன் போட்டிருந்தான்னா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும் தெரியுங்களா? இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சுட்டுத்தான் கை வழுக்கிருச்சுன்னு சொன்னா. இப்ப உங்களை இங்க அனுப்பறப்பக் கூட என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பியிருக்கறா பாருங்க. எட்டு மாசக் கதைய ஊருக்கே சொல்லியிருக்கலாம் அவ.

அதா, சத்தம் கேக்குது. ஷட்டர் தொறக்கறா. அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான், ஒரு நிமிசம் முந்த மாட்டா, பிந்த மாட்டா.

அடடே, பேச்சுல தட்டை மறந்தே போயிட்டீங்க. ஆறிப் போயிருக்கும். பரவாயில்லைங்கறீங்களா? எனக்காக ஒரு வாயி சாப்புட்டுட்டுப் போறீங்களா?

இருங்க. வேண்டாம். அந்த ஸ்பூனைக் கீழ வைங்க.

கீழ வைங்க கண்ணு. இப்பிடிக் குடுங்க தட்டை.

அதுல நெய் இருக்குது. ஒரு ஸ்பூன். நீங்க எளச்சாப்ல வந்து நின்னீங்க, தூக்குப்போசி பக்கத்துல இருந்துச்சு, கை போயிருச்சு. யோசிக்கவே இல்ல. நீங்க கேட்டீங்க, சுத்த சைவம்னு சொன்னேன். அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்க சாப்புடல, அது வரைக்கும் நல்லதாப் போச்சு.

அழுகல, வெங்காயம்.

என்ற கடைப் பேரை எழுதியிருக்கறீங்களா அதுல? காட்டுங்க. எழுதியிருக்கறீங்க. அதை எடுத்துருங்க. இங்க கேட்டுட்டுச் சாப்புட்டாலும் நம்ப முடியாது. அடிச்சுப் போடுங்க, நான் பாக்கோணும். ஆங்.

பூங்கொடி கடையப் போடுங்க. நல்லாப் பண்ணுவா. டப்பாவெல்லாம் காட்டுவா, தனி வாணலு வெச்சிருக்கறா, தைரியமாச் சாப்புடலாம். பசியோட இருக்கறீங்க, மொதத் தட்டை வாங்கிக்குங்க, மொதத் தட்டுதான் ருசியா இருக்கும்.

தாரணி இந்த லிஸ்டைப் பாப்பாளா? பாத்தா, சுகுணாம்மா கடை ஏன் இல்லைன்னு கேப்பா. கேட்டா, நீங்களா எடுத்தீங்கன்னு சொல்லாதீங்க. நான் சொல்லித்தான் எடுத்தீங்கன்னு சொல்லுங்க.

போங்க, கூட்டம் சேந்துரும்.